கூலி நோட்டும் ஒன்பது பெட்டிகளும்: ஒரு முதல் ஏற்றுமதியின் நிகழ்வு ஆய்வு

“சார், பெட்டியெல்லாம் கட்டியாச்சுங்க. கப்பல்ல ஏத்திவிடற வேலைதான் பாக்கி. அதை மட்டும் நீங்க பாத்துக் குடுத்துருங்க.”

அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை இலைப் பொடி தயாரிக்கும் ஒருவர் காலை ஏழு மணிக்கு போனில் சொன்னது இது. 25 அட்டைப் பெட்டிகள், பெட்டிக்கு 20 கிலோ, ஆக மொத்தம் 500 கிலோ. போக வேண்டிய இடம் ஜெர்மனியில் ஹாம்பர்க். தூத்துக்குடியில் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். “ஏத்திவிடற வேலைதான் பாக்கி” என்று யாராவது சொன்னாலே வயிற்றைப் பிசையும். பெட்டி கட்டிய பிறகு கூப்பிடுவது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கச் சொல்வது மாதிரி.

கடைசியில் அந்த 25 பெட்டிகளில் 9 மட்டுமே கப்பல் ஏறின. மீதி 16 ஏன் நின்றன, அந்த 9 எப்படித் தப்பின, நடுவில் மூன்று கல்லூரி மாணவர்கள் என்ன கற்றார்கள் என்பதே இந்த ஆய்வு. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஆய்வக எண்ணையும் பெட்டிக் கணக்கையும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நடந்தது மாறவில்லை.

கோப்பு

முதல் நாள் அவர் கொண்டுவந்தது ஒரு பச்சை பிளாஸ்டிக் கோப்பு. ஜி.எஸ்.டி. பதிவு, சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்று, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம், ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், ஆய்வக அறிக்கை ஒன்று, லேமினேட் செய்த மூன்று பயிற்சிச் சான்றிதழ்கள். பயிற்சி எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறார். மூன்று நாள் வகுப்பு, தேநீர், சமோசா, குழுப் படம்.

ஐ.இ.சி. எண்ணை, அதைத் தரும் மத்திய அரசின் அயல்நாட்டு வணிக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். முடங்கிக் கிடந்தது. அதை வாங்குவது சுலபம். 500 ரூபாய் கட்டணம், எல்லாம் இணையத்தில், பான் எண்ணே குறியீட்டு எண்ணாகவும் ஆகிவிடும். ஆனால் 2021 முதல் ஒரு விதி இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களுக்குள் உள்ளே போய், எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், “விவரங்கள் சரி” என்று உறுதிப்படுத்த வேண்டும். மறந்தால் எண் செயலிழக்கும். இவர் எண் வாங்கி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. வாங்கச் சொன்னவர்கள் யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. அன்று மாலையே சரிசெய்துவிட்டோம், பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தக் கோப்பு எப்படி உருவானது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு தாளும் ‘வாங்க வேண்டியது’ என்பதற்காக வாங்கப்பட்டது. அதை யார் படிப்பார்கள் என்ற கேள்வி எந்தத் தாளுக்கும் கேட்கப்படவில்லை.

இடமும் இலையும்

அரவக்குறிச்சி, மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் முருங்கை என்றால் காய்தான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரகம் வந்த பிறகு செடி முருங்கை தோட்டம் தோட்டமாகப் பரவியது. இலையை ஆட்டுக்குப் போட்டார்கள், அல்லது வீட்டுப் பொரியலுக்குக் கிள்ளினார்கள். வெளிநாட்டில் பொடிக்குக் கிராக்கி வந்த பிறகுதான் இலைக்கு விலை வந்தது. தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 2021இல் வந்தபோது தேனி, திண்டுக்கல், கரூர், தூத்துக்குடி, அரியலூர், திருப்பூர், மதுரை ஆகிய ஏழு மாவட்டங்களைச் சேர்த்து முருங்கைக்குச் சிறப்பு ஏற்றுமதி மண்டலம் அறிவித்தார்கள். அதிலிருந்து ஊரில் இரண்டு பேரில் ஒருவர் ‘எக்ஸ்போர்ட்’ பற்றிப் பேசுகிறார்.

இவரிடம் இலைக்கென்றே நெருக்கி நட்ட ஒரு ஏக்கர் சொந்தமாக இருந்தது. நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை வெட்டு. கழுவி, நிழலில் வலைத்தட்டுகளில் உலர்த்தி, அரைத்து, சலித்து, பையில் போட்டுச் சூட்டில் ஒட்டுவது. ஒரு கிலோ பொடிக்கு எட்டிலிருந்து பத்துக் கிலோ பச்சை இலை வேண்டும். அப்படியானால் 500 கிலோவுக்கு எத்தனை டன்? நான்குக்கு மேல். ஒரு ஏக்கரில் ஒரு வெட்டுக்கு அவ்வளவு வருமா?

அந்தக் கேள்வியை நான் அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை சீக்கிரம் முடிந்திருக்கும். கேட்டது ஒரு மாணவி, பத்து நாள் கழித்து.

மாணவர்கள் வந்த கதை

நான் வாரம் ஒரு நாள் ஒரு கல்லூரியில் வணிகவியல் மாணவர்களுக்கு ஏற்றுமதி நடைமுறை சொல்லித் தருகிறேன். சொல்லித் தருவது என்றால், பாடத்திட்டத்தில் இருப்பதைச் சொல்வது. விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரிக்கும் இன்கோடெர்ம்ஸ் 2020இல் 11 விதிகள், எழுதுக. கடன் உறுதிக் கடிதத்தின் வகைகள், விளக்குக. பையன்கள் ஒப்பிப்பார்கள். ஆனால் ‘நிகர எடை’க்கும் ‘மொத்த எடை’க்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நிஜப் பெட்டியைக் காட்டிக் கேட்டால் முழிப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நிஜப் பெட்டியை யாரும் அவர்கள் முன் வைத்ததில்லை.

கடைசி ஆண்டுத் திட்டப் பணிக்கு இந்தப் பொடி வேலையையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு பெண்கள், ஒரு பையன். உரிமையாளரை “அக்கா” என்று கூப்பிட்டு ஒட்டிக்கொண்டார்கள். அவருக்கும் சந்தோஷம். “சாருகிட்ட ஒரு சந்தேகத்தை ரெண்டு தடவ கேக்கக் கூச்சமா இருக்குங்க. பாப்பா கிட்டன்னா பத்துத் தடவ கேக்கலாம்” என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். எந்தப் படிவத்தையும் நிரப்பக் கூடாது. முதலில் படிக்க வேண்டும், அதுவும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து. ஒருத்தி ஹாம்பர்க் சுங்க அதிகாரி. இன்னொருத்தி வாங்குபவரின் தர மேலாளர். பையன், பணம் அனுப்பும் வங்கி. கோப்பில் உள்ள ஒவ்வொரு தாளையும் அந்த வேடத்தில் வாய்விட்டுப் படித்து, சந்தேகம் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். இந்தியாவைப் பார்த்திராத, முருங்கையைத் தின்றிராத, நம் மீது எந்தப் பாசமும் இல்லாத ஒருவராகப் படிக்க வேண்டும்.

அந்தப் பக்கத்திலிருந்து

இரண்டரை மணி நேரம் நடந்தது. ‘சுங்க அதிகாரி’ முதல் ஐந்து நிமிடத்திலேயே கையைத் தூக்கினாள்.

“இன்வாய்ஸ்ல மொரிங்கா ஒலிஃபெரா லீஃப் பவுடர்னு இருக்கு. லேப் ரிப்போர்ட்ல டிரம்ஸ்டிக் லீஃப் பவுடர். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ல வெறும் டிரைடு லீஃப் பவுடர். மூணும் ஒண்ணுதான்னு எனக்கு யார் சொல்றது?”

அக்கா சிரித்துவிட்டார். “மூணும் முருங்கைதானே பாப்பா!” நமக்குத் தெரியும். டிரம்ஸ்டிக் என்ற சொல்லைக் கேட்டால் ஒரு ஜெர்மானியருக்குக் கோழிக்காலோ மேளக் குச்சியோ ஞாபகம் வரலாம். எல்லாத் தாளிலும் ஒரே பெயர் என்ற முடிவு அங்கே எடுக்கப்பட்டது. தாவரப் பெயர், உறுப்பு, வடிவம், இந்த வரிசையில்.

அடுத்தது எச்.எஸ். குறியீடு. சரக்குகளை வகைப்படுத்தும் உலகச் சுங்க அமைப்பின் இந்தக் குறியீட்டு முறை 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது, நாம் எட்டாக நீட்டிக்கொள்கிறோம். முருங்கை இலைப் பொடிக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. மருந்துக்கும் வாசனைப் பொருளுக்கும் பயன்படும் தாவரப் பகுதிகள் என்று 12ஆம் அத்தியாயத்தில் வைக்கலாம். உலர்ந்த காய்கறி, கீரை என்று 7ஆம் அத்தியாயத்திலும் வாதாடலாம். இறங்கும் நாட்டில் கட்ட வேண்டிய வரி இதைப் பொறுத்து மாறும். கோப்பில் ஒரு தாளில் ஒன்று, இன்னொன்றில் மற்றொன்று. எது சரி என்று நாங்கள் மூளையைக் கசக்கவில்லை. வாங்குபவரிடம் கேட்டோம், “உங்கள் சுங்க முகவர் எந்தத் தலைப்பில் இறக்குகிறார்?” மறுநாள் பதில் வந்தது. இந்தக் கேள்வியைக் கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். கேட்கிற விற்பனையாளரைத்தான் அங்கே நம்புகிறார்கள் என்பது என் அனுபவம்.

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் ‘300 நோய்களுக்கு மருந்து’, ‘சர்க்கரையைக் குறைக்கும்’ என்று இருந்தது. உள்ளூர்க் கண்காட்சிக்கு அடித்த அதே ஸ்டிக்கர். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொருள் மீது நோயைக் குணப்படுத்தும் என்று எழுதவே கூடாது. மற்ற உடல்நல உரிமைகோரல்களுக்கும் 2006இன் 1924ஆம் எண் ஒழுங்குமுறைப்படி முன் அங்கீகாரம் வேண்டும். சுரண்டி எடுக்க ஒரு மத்தியானம் ஆனது.

வங்கி வேடத்திலிருந்த பையன் கொஞ்சம் போலீஸ் புத்திக்காரன். வாங்குபவர் நிஜமா என்று துருவினான். ஜெர்மனியின் வணிகப் பதிவேட்டை 2022 ஆகஸ்ட் முதல் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயரைப் போட்டான். பதிவு இருந்தது, முகவரி பொருந்தியது. “வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்குக்கு அனுப்புங்கள்” என்று நடுவில் யாராவது மின்னஞ்சலில் புகுந்து கெடுக்கும் மோசடி இந்தத் தொழிலில் சாதாரணம். அதனால் கணக்கு விவரம் மாறினால் தொலைபேசியில் பேசி உறுதிசெய்யாமல் ஏற்க வேண்டாம் என்று வாங்குபவருக்கு அவனே ஒரு கடிதம் வரைந்து கொடுத்தான். மூன்றாண்டு வகுப்பில் அவன் எழுதிய முதல் உருப்படியான கடிதம் அதுதான். அவனிடமே சொன்னேன், சிரித்தான்.

அப்புறம் ‘தர மேலாளர்’. அமைதியான பெண். அதுவரை பேசவே இல்லை. ஆய்வக அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த ரிப்போர்ட் ஏழு மாசத்துக்கு முந்தினது. ஒரு கிலோ சாம்பிள்னு போட்டிருக்கு. இந்த 25 பெட்டியில இருக்கறது அதே பொடியாக்கா?” என்றாள்.

“இல்ல கண்ணு, இது போன மாசம் அரைச்சது.”

“உங்க ஒரு ஏக்கர்ல ஒரு மாசத்துல 500 கிலோ வருமா?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார். பத்தாமல் போனதால் பக்கத்துத் தோட்டங்களில் இலை வாங்கினேன். காய்க்காக வளர்க்கும் மரங்கள். அதுவும் முருங்கை இலைதானே.

பத்து லாரிக்கு ஒரு கிராம்

காய்த் தோட்டத்து இலைக்கும் இலைத் தோட்டத்து இலைக்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. ஆனால் காய் ஈக்கும் மொட்டுப் புழுவுக்கும் மருந்து அடிக்காமல் காய் எடுப்பவர்கள் குறைவு. அடித்த மருந்து காயில் மட்டும் உட்காருமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் பூச்சிக்கொல்லி எச்சத்துக்குத் தனி வரம்பு குறிப்பிடாத இடங்களில் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். வகுப்பில் இந்த எண்ணைச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. கணக்கிட்டால் உறைக்கும். 100 டன்னில் 1 கிராம். பத்து டன் லாரிகள் பத்து வரிசையாக நின்றால், அத்தனைக்கும் சேர்த்து ஒரு கிராம். இதில் இலை உலர்ந்து எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும்போது எச்சம் செறிவாகிறது. அந்தச் செறிவைக் கணக்கில் கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் முதல் சரக்கு அனுப்பும் ஒரு சிறு தயாரிப்பாளர் ஹாம்பர்க் ஆய்வகத்தோடு செறிவுக் காரணி பற்றி வாதாடப் போவதில்லை. வாங்குபவரும் அதற்கு நிற்க மாட்டார்.

பெட்டிகளைத் திறந்து கலவை மாதிரி எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து, கிலோவுக்கு 0.08 மில்லிகிராம். வரம்பைப் போல எட்டு மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்துக்கான ஒப்புதலை 2020இல் புதுப்பிக்காமலே விட்டுவிட்டது.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டிய சந்தேகம் இது. நான் தாள்களின் ஆள். பெட்டிக்குள் இருப்பதைவிடப் பெட்டி மேல் எழுதியிருப்பதையே பதினோரு ஆண்டுகள் பார்த்துப் பழகியவன். கோப்பு ஒழுங்கானதும் சரக்கும் ஒழுங்காகிவிட்டதாக நினைத்துவிட்டேன்.

கலந்தது கலந்ததுதான், மொத்தத்தையும் ஒதுக்குங்கள் என்றேன். அக்கா அழவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, “எல்லாமே வெளி இலை இல்லைங்க சார். மொத நாலஞ்சு நாள் என் தோட்டத்து இலைதான் ஓடுச்சு. எது எதுன்னுதான் தெரியல” என்றார். தொகுதி எண் கிடையாது. அரைத்த தேதிப் பதிவேடு கிடையாது. பெட்டி எண்களோ, கட்டி முடித்த பிறகு மனம்போல ஒட்டியவை.

கூலி நோட்டு

பொடியைப் பையில் போட்டு ஒட்டும் வேலை அங்கே ஒரு பாட்டிக்கு. பை கணக்கில் கூலி. ஒரு பைக்கு இவ்வளவு என்று வாரக் கடைசியில் வாங்கிக்கொள்வார். கணக்கில் யாரும் தன்னை ஏமாற்றிவிடக் கூடாது என்பதில் கறார். அதனால் ஒவ்வொரு பையின் மடிப்பு ஓரத்திலும் மார்க்கரால் தேதியையும் அன்றைக்கு எத்தனையாவது பை என்பதையும் எழுதிவைப்பார். ‘12/3’ என்றால் பன்னிரண்டாம் தேதி, மூன்றாவது பை. அதே கணக்கு ஒரு நாற்பது பக்க நோட்டிலும் ஏறும். நோட்டு அரிசி டப்பாவுக்குள் இருக்கும்.

இதைக் கண்டுபிடித்தது வங்கிக்காரப் பையன். மாதிரி எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது உள்பையில் கிறுக்கல் இருந்ததைப் பார்த்திருக்கிறான். பாட்டியிடம் கேட்டதும் அவர் முதலில் சண்டைக்கு வந்துவிட்டார். “ஏஞ்சாமி, நான் பொய்க் கணக்கா எழுதறேன்?” சமாதானப்படுத்தி நோட்டை வாங்க அரை நாள் ஆனது.

மூவரும் தரையில் உட்கார்ந்து கூலி நோட்டை ஒரு பக்கம், வெளி இலை வாங்கிய எடைச்சீட்டுகளை இன்னொரு பக்கம் வைத்துப் பொருத்தினார்கள். முதல் எடைச்சீட்டின் தேதிக்கு முந்தைய பைகள் எவை, அவை எந்தெந்தப் பெட்டியில் போயின என்று 25 பெட்டிகளையும் திறந்து பார்த்து, மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். சொந்த இலை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை 9 பெட்டிகள். சந்தேகத்துக்குரியவை 6. வெளி இலை 10. மூன்று கூட்டத்துக்கும் தனித்தனியாகச் சோதனை. 9 பெட்டிகள் தேறின. ‘சந்தேகம்’ என்று வைத்த 6இலும் எச்சம் இருந்தது.

தடம் அறிதல் என்று பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. பார்கோடு, மென்பொருள், வரைபடம் எல்லாம் போட்டு. அந்த ஆலையில் அது ஒரு பாட்டியின் அவநம்பிக்கையாக ஏற்கனவே இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

வாங்குபவருக்கு நடந்ததை அப்படியே எழுதச் சொன்னேன். 500 கிலோ இல்லை, 180 கிலோ, இன்ன காரணம், இதோ இரண்டு ஆய்வக அறிக்கைகள், தேறியதும் தேறாததும். தேறாத அறிக்கையை அனுப்புவதா என்று அக்காவுக்கு உறுத்தல். அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், 180ஐ அனுப்புங்கள், நீராவியில் கிருமிநீக்கம் செய்து அனுப்புங்கள் என்று வந்தது.

நீராவி ஏன் என்று மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்ஸைடு எச்சம் இருப்பது ஐரோப்பாவில் பிடிபட்டு, கடையில் இருந்த ரொட்டி முதல் பிஸ்கட் வரை திரும்பப் பெறப்பட்டன. அந்த வாயுவால் கிருமி நீக்குவது அங்கே தடை. சரி, எதுவும் செய்யாமல் அனுப்பலாமா என்றால் இலைப் பொடியில் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமியின் பயம். அந்தப் பயம் வீண் இல்லை. நாங்கள் இதையெல்லாம் முடித்த பிறகு, 2025 அக்டோபரில், அமெரிக்காவில் ஒரு சால்மொனெல்லா நோய்ப் பரவலை இந்தியாவிலிருந்து போன முருங்கை இலைப் பொடியோடு தொடர்புபடுத்தி அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. ஆக மிஞ்சுவது நீராவி. மசாலா பதப்படுத்தும் ஆலை ஒன்றில் கூலிக்குச் செய்து தந்தார்கள். முதலில் மாதிரிக்கு அனுப்பிய பொடி போனபோது கிளிப்பச்சை, திரும்பி வந்தபோது கொஞ்சம் பாசிநிறம். அக்காவுக்கு மனசே இல்லை. “வாங்கறவங்க பச்சையைப் பாத்துத்தானே கேட்டாங்க?” நீராவி பட்ட மாதிரியில் 100 கிராமை முன்கூட்டியே தூதஞ்சலில் அனுப்பி, “இந்த நிறம் சம்மதமா” என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே மீதியை ஆலைக்கு அனுப்பினோம்.

அளவு நாடா

விலைக் கணக்கில் நடந்தது சின்ன விஷயம், ஆனால் மாணவர்களுக்கு அதிகம் பிடித்தது இதுதான். அக்கா சி.ஐ.எஃப். ஹாம்பர்க் விலை கொடுத்திருந்தார். அதாவது சரக்கின் விலை, காப்பீடு, ஹாம்பர்க் வரையிலான கப்பல் கட்டணம் எல்லாம் அவர் தலையில். கப்பல் கட்டணத்தை அரை டன்னுக்குப் போட்டிருந்தார். முழுக் கன்டெய்னர் இல்லாத சில்லறைச் சரக்குக்கு எடை, கன அளவு இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் கட்டணம். ஒரு டன்னும் ஒரு கன மீட்டரும் சமம் என்று கணக்கு.

சுங்க அதிகாரிப் பெண் தையல் நாடாவை எடுத்து அளந்தாள். 60, 40, 40 சென்டிமீட்டர். பெட்டிக்கு 0.096 கன மீட்டர். 25 பெட்டிக்கு 2.4. அரை டன்னுக்குக் கணக்கிட்ட கட்டணம் நிஜத்தில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. பெட்டிக்குள் கால்வாசி காற்று. 50, 40, 35 அளவில் பெட்டி மாற்றினால் 0.07, இருபத்தைந்துக்கு 1.75. எல்லோரும் கைதட்டினோம்.

பிறகு 25 பெட்டி 9 ஆனது. புது அளவில் 0.63 கன மீட்டர். குறைந்தபட்சக் கட்டணமே ஒரு கன மீட்டருக்கு. அளந்து அளந்து மிச்சம் பிடித்தது அந்தச் சரக்கைப் பொறுத்தவரை வீண். அதைவிடக் கொடுமை, முகவர் கட்டணம், தூத்துக்குடி சரக்கு நிலையக் கட்டணம், ஆவணக் கட்டணம் எல்லாம் 500 கிலோவுக்கும் ஒன்றுதான், 180 கிலோவுக்கும் ஒன்றுதான். கிலோவுக்குப் பிரித்துப் பார்த்தால் தலை சுற்றியது. பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டு என்று நாங்கள் கேட்காமலே ஒருவர் சாதாரணத் தட்டு கொண்டுவந்து இறக்கினார். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றுவது போன்ற அங்கீகரித்த முறையில் பதப்படுத்தி முத்திரை குத்திய தட்டு மட்டுமே செல்லும் என்று திருப்பி அனுப்பினோம்.

சுங்கம், கப்பல் ஏற்றம் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்ய அந்த நிதியாண்டுக்கான உறுதிமொழிக் கடிதத்தைப் போட்டோம். அன்னியச் செலாவணியைக் கையாள அனுமதி பெற்ற வங்கிக் கிளையின் ஏ.டி. குறியீட்டைத் தூத்துக்குடிக்குப் பதிவு செய்தோம். ஏற்றுமதிச் சரக்கைச் சுங்கத்துக்கு அறிவிக்கும் கப்பல் பட்டியை (ஷிப்பிங் பில்) முகவர் தாக்கல் செய்தார், அனுமதி வந்தது. மூன்று மாணவர்களும் பஸ் ஏறித் துறைமுகத்துக்கு வந்தார்கள். உள்ளே விடவில்லை. வெளியே வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு மக்ரூன் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

பணம்

வாங்குபவர் 30 சதவீதம் முன்பணம் கொடுத்திருந்தார். கவனியுங்கள், அது 500 கிலோவின் 30 சதவீதம். அதாவது 150 கிலோவின் விலை ஏற்கனவே கைக்கு வந்துவிட்டது. 180 கிலோ அனுப்பியதும் வர வேண்டியது 30 கிலோவுக்கான காசு மட்டுமே. அதிலும் நடுவில் இருந்த வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டது. யார் கட்டணம் யார் தலையில் என்று முன்கூட்டியே எழுதி வைக்காததால் வந்த நஷ்டம். வந்த தொகை இன்வாய்ஸைவிடக் குறைவாக இருந்ததால் வங்கி விளக்கம் கேட்டது. பையன்தான் போய் எழுதிக் கொடுத்து, அந்தக் கணக்கை முடித்து, மின்னணு வங்கி வரவுச் சான்று வாங்கி வந்தான். வங்கி வேடம் போட்டவன் நிஜ வங்கியின் வரிசையில் மூன்று நாள் நின்றான்.

மொத்தத்தில் அக்காவுக்கு நஷ்டம். தேறாத 320 கிலோவின் இலை விலையும் கூலியும் போனது. இரண்டு சுற்றுச் சோதனைச் செலவு, நீராவி ஆலைச் செலவு. “உள்ளூர்க் கடைக்குக் கொடுத்துரலாமா சார்?” என்று ஒரு முறை கேட்டார். அவரே மறுநாள், “வேண்டாங்க, நம்ம பிள்ளைங்களும்தானே சாப்புடும்” என்றார். அது ஒரு மூலையில் இன்னும் சாக்குகளில் கிடக்கிறது.

மாணவர்களின் திட்ட அறிக்கைக்குக் கல்லூரியில் சுமாரான மதிப்பெண்தான். “ஆய்வு முறையியல் பகுதி பலவீனம்” என்று குறிப்பு. கூலி நோட்டின் படத்தை இணைப்பில் வைத்ததை யாரும் கேட்கவே இல்லை. அமைதியான அந்தப் பெண் இப்போது ஒரு மசாலா நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறாள். நேர்காணலில் ஏதாவது கதை சொல்லச் சொன்னார்களாம், இதைச் சொன்னாளாம்.

இரண்டாவது ஆர்டர்

ஐந்து மாதம் கழித்து ஹாம்பர்க்கிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு டன் வேண்டும். தேறாத அறிக்கையையும் சேர்த்து அனுப்பிய விற்பனையாளர் என்பதால் திரும்பக் கேட்கிறோம் என்று ஒரு வரி இருந்தது. அக்கா அந்த வரியை என்னை மூன்று முறை படித்துக் காட்டச் சொன்னார்.

இப்போது பையில் தேதியோடு இலை வந்த தோட்டத்தின் எழுத்தும் ஏறுகிறது. சொந்தத் தோட்டம் ‘சொ’. பாட்டிக்கு அது எரிச்சல். “ஒரு எழுத்து கூட எழுதினா கூலி கூடுமா?” என்று கேட்டு, பைக்குப் பத்துப் பைசா கூட்டி வாங்கிவிட்டார்.

ஆனால் இரண்டு டன்னுக்கு ஒரு ஏக்கர் காணாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவரிடம் இலைக்கென்று நட்டு, மருந்தடிக்காமல் வளர்க்க முடியுமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் நானும் போயிருந்தேன். வரப்பில் நின்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பெரியவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: “கார்த்திகையில காய் கிலோ நூறைத் தாண்டுதுங்க. அன்னைக்கு என் மரத்துல காய் இல்லாம வெறும் இலையா நின்னா, உங்க ஜெர்மனிக்காரரு வந்து பேசுவாருங்களா?”

பதில் சொல்ல இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.